ப்ளோயரை நிறுத்திய ஜெபம்

எங்கள் சபையில் ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் ஞாயிறு அனுசரிப்போம். பணி ஓய்வு பெற்றவர்களைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்திச் சால்வை போடுவார்கள். சிறிய மலர் ஒன்றும் அச்சாகும். இந்த ஆண்டு போதகர் என்னிடம் கட்டுரை கேட்டார். அன்றாட வேலையை ஆண்டவருக்குச் செய்யும் ஊழியமாக எண்ணி வாழ்வது எப்படி என்று தலைப்பையும் அவரே கொடுத்தார். "ஒரு பக்கம் போதும் அண்ணே. சாட்சி மாதிரி இருக்கட்டும். படிக்கறவங்க உற்சாகமாகணும்" என்றார்.

ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. உற்சாகம் தருமா என்பதும் சந்தேகம்தான். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன்.

ஆம்பூர் பக்கம், தோல் தொழிற்சாலைகள் சேர்ந்து நடத்தும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் வாணியம்பாடியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அங்கே மூன்று பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. நேரத்தைக் குறித்துக்கொள்வது. பார்த்ததையும் கேட்டதையும் தனித்தனியாக எழுதுவது. அனுதாபச் சொற்களைக் கடைசிக்கு ஒதுக்குவது. நிருபர் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல்தான் கழிவுநீருக்கு வந்தேன். ஆறு மாதப் பயிற்சி. அதில் சொல்ல ஒன்றுமில்லை. காற்றில் நச்சு வாயு எவ்வளவு என்று காட்டும் கேஸ் மீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதோடு என் பெயரும் 'மீட்டர் சார்' என்று ஆகிவிட்டது.

தொழிற்சாலைகளிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர் முதலில் சம்ப் என்று நாங்கள் சொல்லும் தரையடித் தொட்டியில் விழும். பன்னிரண்டு அடி ஆழம். மேலே கான்கிரீட் தளம், அதில் ஓர் ஆள் இறங்குமளவு வட்ட மூடி. தோலிலிருந்து கழிக்கப்பட்ட முடி, சதை, சுண்ணாம்பு எல்லாம் அடியில் படிந்து கூழாகக் கிடக்கும். அதன்மேல் பாலில் கட்டுவது போல ஆடை கட்டிவிடும். அந்த ஆடைக்கு அடியில் கேஸ் சேரும். அழுகிய முட்டை நாற்றம். புதிதாக வருபவர்கள் வாந்தி எடுப்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

முதல் நாள் எங்கள் சூப்பர்வைசர் எபினேசர் சார் என்னை அந்த மூடிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னது இது: "நாத்தம் இருக்குதா, பயப்படாத, வேலையப் பாரு. நாத்தம் திடீர்னு நின்னுபோச்சா, ஓடு. யாரையும் கேக்காத, ஓடு. கேஸ் ஜாஸ்தியானா மொதல்ல சாவறது மூக்குதான்."

எபினேசர் சார் குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு மைப் பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தொட்டிக்குள் ஆள் இறக்க வேண்டுமானால் அனுமதிப் படிவம் ஒன்று உண்டு. பதினான்கு வரிகள். மற்ற ஷிப்டுகளில் அதை மேசையிலேயே டிக் அடித்து முடித்துவிடுவார்கள். இவர் மூடிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிப்பார். "கயிறு" என்பார். "இருக்கு சார்" என்று சொன்னால் ஏற்கமாட்டார். கயிற்றைத் தொட்டுக்கொண்டு சொல்ல வேண்டும். "கொக்கி." தொட வேண்டும். "மாஸ்க்." தொட வேண்டும். "மேல நிக்கற ஆள்." நான் என் மார்பைத் தொட்டுக் காட்டுவேன். அதன் பிறகே பேனாவின் மூடி கழலும்.

ஒருமுறை இடுப்பு முடிச்சு சரியாக விழவில்லை. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அரை நாள் வேலை நின்றது. ஒப்பந்தக்காரர் கத்தினார். சார் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் பாடுறோம். திங்கக்கெழம முடிச்ச லூசா போட்டா, அந்தப் பாட்ட யாரு கேப்பாரு?" வேலையை ஊழியமாக எண்ணுவது பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் இதுவே மிகச் சிறியது.

பதினான்கு வரிகளும் முடிந்த பிறகு, ஆள் இறங்குவதற்கு முன், சார் ஒரு ஜெபம் செய்வார். அது அவர் ஏற்படுத்திய வழக்கம். யாரையும் வற்புறுத்தியதில்லை. ஆனாலும் எல்லோரும் நின்றார்கள். பம்ப் ஃபிட்டர் சலீம் பாய் கைகளை ஏந்தி நிற்பார். தொட்டியில் இறங்கும் ஏழுமலை கும்பிட்டு நிற்பான். ஆலங்காயம் பக்கத்துக்காரன். அவனும் அவன் தம்பி சேகரும் ஒப்பந்தக் கூலிகள்.

"நம்ம மூணு சாமியும் மூக்கப் பொத்திக்கினு மேல நின்னுடுது சார். கீழ எறங்கறது நான் மட்டும்தான்" என்பான் ஏழுமலை.

"உன் சாமிக்கு ஷூ சைஸ் இன்னா? வாங்கித் தர்றேன், எறங்கச் சொல்லு" என்பார் சலீம் பாய்.

ஜெபத்துக்காக இரண்டு காரியங்கள் செய்வோம். தொட்டிக்குள் காற்றடிக்கும் ப்ளோயரை நிறுத்துவோம். அது லாரி இன்ஜின் மாதிரி இரையும், சாரின் குரல் கேட்காது. என் கேஸ் மீட்டர் பத்து நொடிக்கு ஒருமுறை கீச்சிடும். அதை அணைத்துப் பெட்டியில் வைத்துவிடுவேன். கோயிலுக்குள் நுழையும்போது கைபேசியை அணைப்பது போலத்தான். அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். ஆமென் சொன்னதும் இரண்டையும் மறுபடி ஓட்டுவோம். படிவத்தின் பதினான்கு வரிகளில் இந்த அரை நிமிடத்துக்கு வரி கிடையாது. அதை நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

அது மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பம்பில் முடி அடைத்துக்கொண்டது. தொழிற்சாலைகளுக்குச் சொல்லித் தண்ணீரை நிறுத்தினோம். இரண்டு மணிக்கு மூடியைத் திறந்து ப்ளோயரைப் போட்டோம். மூன்று மணிக்கு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் எண் அபாய எல்லையான பத்துக்குக் கீழேதான் இருந்தது. படிவம் வாசித்து முடிந்தது. ஏழுமலை நீளக் கழியால் அடியில் கட்டியிருந்த ஆடையைக் குத்தி உடைத்தான். இறங்கும்போது கால் சிக்காமல் இருக்க எப்போதும் செய்வதுதான். வழக்கமாக அதை ஜெபத்துக்குப் பிறகு ப்ளோயர் ஓடும்போது செய்வான். அன்று முன்னாலேயே செய்துவிட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே மீட்டரை அணைத்தேன்.

மூன்று பத்துக்கு சார் ப்ளோயரை நிறுத்தினார்.

அந்த அமைதியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் இரைந்த இயந்திரம் நின்றால் காதுக்குள் வேறு ஏதோ தொடங்குவது போலிருக்கும். நெடுஞ்சாலையில்கூட அந்த நேரத்தில் லாரி இல்லை. ஐந்து பேர் மூடியைச் சுற்றி நின்றோம். ஏழுமலைக்கு முழங்கால் வலி. அவன் மட்டும் விளிம்பை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கும்பிட்டான். கொக்கியை இன்னும் மாட்டவில்லை. ஜெபம் முடிந்ததும் மாட்டுவது வழக்கம். கண்களை மூடினோம்.

அன்றைய ஜெபம் நீளமாக இருந்தது. முந்தின வாரம் வேறோர் ஊரில் தோல் குழிக்குள் இறங்கிய ஒருவர் இறந்துபோயிருந்தார். சார் அந்த அடக்கத்துக்குப் போய்வந்திருந்தார். அது அவரை விட்டுப் போகவில்லை. "ஆண்டவரே, குழியில விழுந்த அந்தத் தம்பியோட வீட்ட நெனச்சருளும். அந்தப் பொண்டாட்டிக்கு ஆறுதல் குடும். அந்தப் புள்ளைங்களுக்கு நீரே தகப்பனா இரும்" என்று மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

ஏறக்குறைய அந்த இடத்தில் நாற்றம் நின்றது.

நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று பிற்பாடு பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், அது பொய். காற்று கழுவிவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. ஒன்பது ஆண்டுகள் அந்த வளாகத்தில் சுவாசித்தவனுக்கு அப்படியொரு காற்று கிடைத்ததே இல்லை. உடம்பு லேசாக, இனிமையாக இருந்தது. ஜெபம் கேட்கப்படுகிறது, ஆண்டவர் இங்கே இருக்கிறார் என்று நினைத்தேன். எழுதக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் நினைத்தேன். ஓடு என்று முதல் நாள் கற்றுக்கொடுத்த மனிதரே என் முன்னால் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். நடு ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது என்று ஐந்து வயதில் அம்மா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் கண்ணைத் திறக்கவில்லை.

ஆமென் சொன்னோம். கண்களைத் திறந்தோம். நான்கு பேர் இருந்தோம்.

எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கழி மட்டும் குழியின் வாய்க்குக் குறுக்கே கிடந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. ஒரு கணம் நால்வரும் அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்தோம், குழியைப் பார்க்கவில்லை. சலீம் பாய் திரும்பி, தண்ணீர் குடிக்கப் போயிருப்பானோ என்று குழாய்ப் பக்கம் பார்த்தார்.

சார்தான் முதலில் பேசினார். "ப்ளோயர்" என்றார். நான் ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். அதற்குள் சேகர் குழிக்குள் காலை விட்டிருந்தான். சார் அவனை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்து விழுந்தார். "பாய், இவனப் புடி. உட்டா ரெண்டாவது பொணம் இவன்தான்."

"எங்கண்ணன் கீழ கெடக்குறான்டா, உடுடா" என்று கத்தினான் சேகர். "ஜெபம் பண்ணியே கொன்னுட்டீங்களாடா."

சலீம் பாய் அவன்மேல் படுத்துக்கொண்டார். தொழிற்சாலைக் குழிகளில் சாவது பெரும்பாலும் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள்தான். காப்பாற்றப் போகிறவர்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், சேகருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் யாரும் நிற்பதில்லை.

சார் காற்று சிலிண்டரைத் தானே முதுகில் மாட்டினார். ஐம்பதை நெருங்கிய மனிதர். அப்போது அவர் செய்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுச் சத்தமாகச் சொன்னார். "வால்வ்." தொட்டார். "பிரஷர்." முள்ளைப் பார்த்தார். "மாஸ்க்." விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். "கொக்கி. கயிறு. மேல நிக்கற ஆள்." என்னைப் பார்த்தார். நான் மார்பைத் தொட்டேன். சேகர் தரையில் முகத்தை மோதிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். என் கைக்கடிகாரத்தில் தொண்ணூறு நொடிகள். ஒரு வரியையும் அவர் தாண்டவில்லை.

அவர் மாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பெட்டியைத் திறந்து மீட்டரை எடுத்து உயிர்ப்பித்தேன். மூடிக்கு அருகே கொண்டுபோகவில்லை, இடுப்பு உயரத்தில் கையில்தான் இருந்தது. அங்கேயே கத்தத் தொடங்கியது.

சார் இன்னொரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். சற்று நேரத்தில் அந்தக் கயிறு இரண்டு முறை இழுபட்டது. தூக்கு என்று அர்த்தம். சேகரும் எழுந்து வந்து பிடிக்க, மூவரும் இழுத்தோம். ஏழுமலை வந்தான். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறக் கூழ், முகம் மட்டும் துடைத்தது போல வெளியே தெரிந்தது. பம்பின் மேல்மூடியில் தலை சாய்ந்து கிடந்திருக்கிறான். அதனால் முகம் மூழ்கவில்லை. மூச்சு இருந்தது.

அன்று மாலை மேலாளர் அறையில் விபத்து அறிக்கை எழுதப்பட்டது. மேலாளர் நல்லவர், பயந்திருந்தார். "ஜெபம்னு எழுத வேணாம் சார். பேப்பர்ல வந்தா பேஜாரு. மதப் பிரச்சனையா ஆயிடும். கால் வழுக்கிடுச்சுன்னு போடுங்க" என்றார். சார் மைப் பேனாவைத் திறந்து எழுதினார்: ஜெபம் செய்வதற்காக ப்ளோயரை நான் நிறுத்தினேன், மூன்று நிமிடம் அது ஓடவில்லை, கொக்கி மாட்டாமல் ஆளை விளிம்பில் இருக்கவிட்டேன். கீழே கையெழுத்து. பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். மேலே நின்ற ஆள் என்ற முறையில் நானும் எழுத வேண்டும். மீட்டர் அணைந்திருந்தது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்தேன். எனக்கு வேலை நிரந்தரமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'மேற்கண்டது சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சார் தாளை மடித்தார்.

ஐந்தாம் நாள் ஏழுமலைக்குப் பேச்சு வந்தது. வேலூர் மருத்துவமனைக்கு சாரும் நானும் போனோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவன் மனைவி மல்லிகா, அந்தப் பக்கம் சேகர். சேகர் எங்களைப் பார்க்கவில்லை. ஏழுமலையின் குரல் தேய்ந்து காற்றாக வந்தது.

"விழுந்ததே தெரியல சார். கும்புட்டுக்கினு இருந்தேன். அப்புறம் பாத்தா இருட்டு. மேல வட்டமா வெளிச்சம். கை கால் எதுவும் என்னுது இல்ல. ஆனா காது மட்டும் நல்லா கேக்குது. நீங்க ஜெபம் பண்ணிக்கினே இருக்கீங்க."

சார் கட்டிலுக்கு அருகே குனிந்தார்.

"குழியில உழுந்தவன் பொண்டாட்டிக்கு ஆறுதல் குடுன்னு சொன்னீங்க. புள்ளைங்களுக்குத் தகப்பனா இருன்னு சொன்னீங்க. சரி, நான் செத்துட்டேன், எனக்குத்தான் பண்றாங்கன்னு நெனச்சேன். கூப்புட்டுப் பாக்கலாம்னா வாய் வரல. அப்புறம் எல்லாரும் ஆமென் சொன்னீங்க. மீட்டர் சார் கொரல் தனியா கேட்டுச்சு." என்னைப் பார்த்தான். "முடிச்சுட்டாங்க, இனிமே மூடியப் போட்டுருவாங்கன்னு நெனச்சேன் சார்."

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் தனியாகக் கேட்டது என்று அவன் சொன்ன பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஏழுமல, மீட்டர நான் நிறுத்தி வெச்சிருந்தேன். ஜெபத்துக்கு எடஞ்சலா இருக்கும்னு. ஓடிக்கினு இருந்தா அது கத்தியிருக்கும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "கத்தியிருந்தா நான் எழுந்து நவுந்திருப்பனா?"

"நவுந்திருப்ப."

"நாத்தம் நின்னுது, அது தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

சேகர் எழுந்து வெளியே போனான். மல்லிகா அதுவரை கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே பேசினாள். "சாமி கும்பிட வேணாம்னு யாரும் சொல்லல. நாலு பேரு கண்ண மூடினா ஒருத்தரு தொறந்து வெக்கக் கூடாதா? எங்க வூட்ல கொழந்தயக் குளிப்பாட்டும்போது நான் கண்ண மூடிக்கினா சாமி கும்புடறேன்?"

திரும்பும் வழியில் பஸ்ஸில் சார் பேசினார். "நீ பெட்டியத் தொறந்தத நான் பாத்தேன். மாஸ்க் போடறப்போ."

"அப்போ ஏன் சார் எழுதல?"

"அது உன் கை. உன் கையாலதான் எழுதணும்."

மறுநாள் காலை அறிக்கையில் என் வரியை அடித்துவிட்டு நான்கு வரிகள் எழுதினேன். மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சாருக்கு ஊதிய உயர்வு போனது. ஏழுமலைக்கு நுரையீரல் முழுதாகத் திரும்பவில்லை. வாயிற்காவலில் நிரந்தர வேலை கொடுக்கும்வரை சார் மேலாளர் அறைக்கு நடந்தார். சேகர் கடைசிவரை என்னிடம் பேசவில்லை. அதில் தவறில்லை.

நான் திரும்பி வந்தபோது படிவத்தில் பதினைந்தாவது வரி ஒன்று சேர்ந்திருந்தது. மையில், சாரின் கையெழுத்தில்: கண் திறந்து நிற்கும் ஆள். அந்த வேலை எனக்கு. ஜெபம் நிற்கவில்லை. ஆனால் ப்ளோயர் ஓடும், மீட்டர் கயிற்றில் தொங்கிக் கீச்சிடும், கொக்கி முதலிலேயே மாட்டப்பட்டிருக்கும். எல்லோரும் கண் மூடி நிற்பார்கள், சாரைத் தவிர. அவர் பார்வை என் கையில் இருக்கும். நான் மீட்டரை மேல், நடு, கீழ் என்று இறக்கிப் பார்த்து விரல்களால் எண்ணைக் காட்டுவேன். பூஜ்யம் என்றால் மூடிய கை. இரைச்சலில் அவர் குரல் யாருக்கும் கேட்காது. உதடுகள் அசைவது மட்டும் தெரியும்.

திறந்த குழியைச் சுற்றிக் கண் மூடி நிற்கும் முகங்களை அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான முறை பார்த்தேன். கண் மூடியவர்கள் நேராக நிற்பதில்லை. ஒவ்வொருவரும் மிக மெதுவாக, தங்களுக்கே தெரியாமல், குழிப் பக்கம் சாய்கிறார்கள். சலீம் பாய்கூட. நான் சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டே இருப்பேன்.

சார் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், கடைசியாக ஒருமுறை ஆள் இறக்கினோம். ஜெபம் முடிந்து பம்ப் அறைப் பக்கம் ஒதுங்கியபோது கேட்டேன். "இத்தன வருஷம் வாய் அசையறதப் பாக்குறேன். இன்னா சார் சொல்லுவீங்க?"

பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். "பெருசா ஒண்ணும் இல்ல. எறங்கறவன் பேரச் சொல்லுவேன். அப்புறம் மேல இவ்வளவு, நடுவுல இவ்வளவு, கீழ இவ்வளவுன்னு ரீடிங்கச் சொல்லுவேன். அவ்வளவுதான்."

"ரீடிங்கா?"

"ஆமா. நீ காட்டற நம்பரு. அதனால ஒழுங்கா காட்டு. நீ தப்பா காட்டினா, நான் அவருகிட்ட பொய் சொன்னவனா ஆயிடுவேன்."

அவர் போன பிறகு அந்தத் தொட்டிக்கு நான் பொறுப்பானேன். கழிவை உறிஞ்சும் லாரிகள் வந்து ஆள் இறங்குவது அடியோடு நிற்கும்வரை, பெயரையும் மூன்று எண்களையும் நானே சொன்னேன். ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை பார்த்த பிறகு.